டி-மென்

டி-மென்: 1947ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கக் கறுப்பு வெள்ளைக் குற்றப்படம். இருண்ட தொனி கொண்ட ‘ஃபிலிம் நுவார்’ வகையைச் சேர்ந்தது. இயக்கம் ஆந்தனி மான். ஒளிப்பதிவு ஜான் ஆல்டன். ஈகிள்-லயன் என்னும் சிறிய நிறுவனம் வெளியிட்டது. தலைப்பிலுள்ள ‘டி’, ட்ரெஷரி எனப்படும் கருவூலத் துறையைக் குறிக்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், அரசுக் கோப்புகளிலிருந்து கதையெடுத்து, பின்னணிக் குரலுடன் ஆவணப்படம்போலச் சொல்லும் பாணி ஹாலிவுட்டில் பரவியது. 1945இல் வந்த ‘தி ஹவுஸ் ஆன் 92ண்ட் ஸ்ட்ரீட்’ அதற்கு முன்னோடி. அதில் குரல் கொடுத்த ரீட் ஹாட்லியே இதிலும் கதை சொல்கிறார். குற்றக்கும்பல் தலைவன் அல் கபோனைச் சிறைக்கு அனுப்பிய வரி ஏய்ப்பு வழக்கில் பணியாற்றிய எல்மர் ஐரி, தொடக்கத்தில் தாமே திரையில் தோன்றி முன்னுரை வழங்குகிறார்.

கருவூல அதிகாரிகள் ஓ’பிரையனும் (டென்னிஸ் ஓ’கீஃப்) ஜெனாரோவும் (ஆல்ஃபிரட் ரைடர்) கள்ளநோட்டு வழக்கொன்றைத் துப்பறிய ரௌடிகளாக வேடமிட்டு, டெட்ராய்ட்டில் ஒரு கும்பலில் சேர்கின்றனர். அங்கே கிடைத்த துப்பு ஓ’பிரையனை லாஸ் ஏஞ்சலிஸுக்கு இழுக்கிறது. ‘ஸ்கீமர்’ என்ற கள்ளநோட்டு ஆசாமி நீராவிக் குளியலில் பிரியமுள்ளவன் என்பதறிந்து, குளியல் விடுதி விடுதியாக ஏறி இறங்கி அவனைக் கண்டுபிடிக்கிறார். பின்னர் ஜெனாரோ தற்செயலாகத் தம் மனைவி எதிரிலேயே வந்து நிற்க, உடனிருந்த தோழி அவரை அடையாளம் கண்டுவிடுகிறாள். மனைவியோ, அவர் தம் கணவரே அல்ல என்று சாதிக்கிறார். ஜெனாரோவைக் கும்பல் கொல்லும்போது ஓ’பிரையன் அதே அறையில்தான் இருக்கிறார். வாய் திறந்தால் வேடம் கலையும், பேசாமல் நிற்கிறார்.

அரசுத் துறையின் பெருமை பேச எடுத்த படத்தை வேறாக்கியது ஆல்டனின் ஒளி. ஓரிரு விளக்குகளை மட்டும் வைத்து, மீதியை இருட்டுக்கே விட்டார். அந்த இருட்டில் அதிகாரி யார், குற்றவாளி யார் என்று பிரித்தறிய முடிவதில்லை. ஸ்கீமர் நீராவி அறைக்குள் பூட்டப்பட்டுச் சாகும் காட்சி இந்த ஒளியமைப்புக்குப் பேர்போனது.

ஒலிப்பதிவுக்காக இப்படம் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மானும் ஆல்டனும் ‘ரா டீல்’ (1948), ‘பார்டர் இன்சிடென்ட்’ (1949) படங்களில் மீண்டும் இணைந்தனர். பின்னதிலும் வேடமிட்ட அதிகாரிகளே நாயகர்கள். இப்படத்தின் மூலக்கதையாசிரியர் வர்ஜீனியா கெலாக், ‘ஒயிட் ஹீட்’ (1949) படத்துக்கும் கதை தந்தார். அங்கே கைதியாக நடிக்கும் போலீஸ்காரர், கும்பல் தலைவனுக்கு உற்ற நண்பராகவே ஆகிவிடுகிறார்.