பங்கின்படி எழுந்த வீடு: செட்டிநாட்டு இல்லங்களின் அமைப்பும் அலங்காரமும்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் விரிந்திருக்கும் செட்டிநாடு, காரைக்குடி, தேவகோட்டை என்ற இரு நகரங்களையும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி முதலிய எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களையும் உள்ளடக்கிய வறண்ட வட்டாரமாகும். பெரிய ஆறு எதுவும் பாயாத இந்தச் செம்மண் நிலத்தில், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை ஆயிரக்கணக்கான பெருவீடுகளை எழுப்பினர். இவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர் பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி என்று பொருள்களின் பட்டியலோடு நின்றுவிடுவது வழக்கம். அந்தப் பட்டியல் பொய்யன்று. ஆனால் அது வீட்டின் முன்பகுதிக்கே பெரிதும் பொருந்தும். முகப்பைக் கடந்து உள்ளே சென்றால், அறைகளின் எண்ணிக்கை, அவற்றின் அளவு, அடுப்புகளின் இடம், பாத்திரங்கள் வைக்கப்பட்ட முறை ஆகிய அனைத்தையும் தீர்மானித்தது பங்குக் கணக்கே என்பது புலப்படும்.

நகரத்தார் சமூகத்தின் அடிப்படை அலகு ‘புள்ளி’ எனப்படுகிறது. திருமணமான ஓர் ஆணும் அவனது குடும்பமும் சேர்ந்தது ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி உள்ளிட்ட ஒன்பது நகரக் கோயில்களில் தத்தமக்குரிய கோயிலுக்கு ஒவ்வொரு குடும்பமும் செலுத்தும் வரியும் இந்தப் புள்ளிக் கணக்கின்படியே வசூலிக்கப்பட்டது. வீடு கட்டத் திட்டமிட்டவர் தமக்கு எத்தனை அறைகள் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. தம் மக்கள் வழியிலும் பேரர் வழியிலும் எத்தனை புள்ளிகள் உருவாகக்கூடும் என்றே எண்ணினார். வணிகப் பேரேட்டைக் கையாண்ட அதே மனம்தான் மனையடியிலும் கயிறு பிடித்தது என்று கொண்டால், இவ்வீடுகளின் விசித்திரமான நீளமும், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற அறைவரிசைகளும் எளிதில் விளங்கிவிடும்.

வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும். உயர்ந்த அடித்தளத்தின்மீது முதலில் அமைவது முகப்பு. வாசலின் இருபுறத்துத் திண்ணைகளில் கணக்குப்பிள்ளைகள் அமர்ந்து எழுதினர், வழிப்போக்கர் இளைப்பாறினர். அடித்தளத்தின் உயரத்துக்குக் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பழைய நினைவைக் காரணம் காட்டுவோர் உண்டு. நகரத்தார் அங்கிருந்து இடம்பெயர்ந்ததாகச் சொல்லும் மரபுக்கதையோடு அது அழகாகப் பொருந்தினாலும், மழைநீரை வெளியேற்றவும் கறையானைத் தடுக்கவும் எந்தக் கட்டடக்காரரும் தளத்தை உயர்த்தியே இருப்பார் என்பதால், அக்காரணத்தை அப்படியே ஏற்பது கடினம். முகப்பை அடுத்து, ஆண்கள் விருந்தினரை வரவேற்கும் பட்டாலை என்னும் கூடம். அதற்கப்பால் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவு. வளவைச் சூழ்ந்த தாழ்வாரம் ‘பத்தி’ எனப்படும். அதன் இருமருங்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் அறைகள் வரிசையாக வரும். ஒவ்வொரு மகனுக்கும் உள்ளறை, வெளியறை என இரண்டு உண்டு. நகையும் விலையுயர்ந்த பொருள்களும் உள்ளறையில் பூட்டப்பட்டன. மூத்தவனுக்குப் பெரியது, இளையவனுக்குச் சிறியது என்ற பேதம் இல்லாமல் சமமாகக் கட்டப்பட்டதற்கு, பிற்காலத்தில் பங்கு பிரிக்கும்போது வழக்கு எழக்கூடாது என்ற முன்யோசனையைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. வளவுக்குப் பின்னே பந்தி பரிமாறும் இரண்டாங்கட்டும், அதற்கும் பின்னே அடுப்படியும் கிணறும் தோட்டமும் அமைந்தன.

இவ்வமைப்பின் உட்பொருள் ‘வேறு வைத்தல்’ என்ற வழக்கத்தில் வெளிப்படுகிறது. திருமணம் முடிந்த சில காலத்துக்குள், பெற்றோர் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனிக்குடும்பமாக ஆக்கிவிடுவர். ஆண்டுச் செலவுக்கென ஒரு தொகையும் அரிசி முதலிய பண்டங்களும் அளந்து தரப்படும். அதன்பின் அந்த இணை தன் அடுப்பில் தானே சமைத்து, தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே கூரையின்கீழ் நான்கைந்து அடுப்புகள் எரிந்ததைக் கண்ட வெளியூரார் அதைக் குடும்பப் பிளவு என்று கருதியிருக்கலாம். உண்மையில் அது பிளவைத் தவிர்க்கக் கண்டுபிடிக்கப்பட்ட ஏற்பாடு. அன்றாடச் செலவு தனித்தனி. திருமணம், சாந்திக் கல்யாணம், முன்னோரை வழிபடும் ‘படைப்பு’ ஆகியவை பொது. அதற்கேற்பவே அறைகள் தனியுடைமையாகவும், வளவும் பட்டாலையும் பொதுவுடைமையாகவும் பிரிந்து நின்றன. கூட்டுக்குடும்பம் என்றாலே ஒரே உலை, ஒரே பந்தி என்ற பொதுக்கருத்து இங்கே பொருந்தாது.

ஆண்களில் பலர் இவ்வீடுகளில் தொடர்ந்து வாழ்ந்தவர்களும் அல்லர். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், எல்லாவற்றுக்கும் மேலாக ரங்கூன் என்று பெட்டியடிகள், அதாவது லேவாதேவிக் கடைகள், பரவியிருந்த காலத்தில், முகவராகக் கப்பலேறிய ஒருவர் பொதுவாக மூன்றாண்டு தவணை முடிந்த பிறகே ஊர் திரும்புவார். எனவே வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார் எனப்படும் நகரத்தார் பெண்களே. எந்த அறையில் எந்தப் பொருள், எந்தப் பொருள் யாருடைய சீரில் வந்தது, எது இரவலாகப் போயிற்று என்ற விவரமெல்லாம் அவர்கள் கையிலிருந்த சாவிக்கொத்தோடு இணைந்த அறிவாகும். மகளின் திருமணத்துக்குப் பெற்றோர் அளித்த சீர்வரிசை, வெறும் பட்டும் வெள்ளியும் அன்று. பித்தளை அண்டாக்கள், தவலைகள், செம்புகள், அடுக்குச் சட்டிகள், பீங்கான் ஜாடிகள், பாய்கள், பனையோலைக் கொட்டான்கள், பர்மாவின் அரக்குப் பெட்டிகள், மங்குச் சாமான் எனப்படும் இரும்பின்மேல் எனாமல் பூசிய ஐரோப்பியப் பாத்திரங்கள் என ஒரு குடும்பத்தின் வாழ்நாள் தேவைக்கும் அதற்கு அப்பாலும் போதுமான சாமான்களை அது உள்ளடக்கியது. அவற்றில் பெரும்பகுதி பயன்படுத்தப்படாமலேயே அடுக்கி வைக்கப்பட்டு, மகளின் மகளுக்குச் சீராகச் சென்றது. பாத்திரங்களில் உரியவரின் பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ வெட்டப்பட்டிருந்ததற்கும் இதுவே காரணம். ஐந்து அடுப்புகள் எரியும் வீட்டில், ஒரே வடிவிலான ஐந்து குடங்களுக்குள் வேறுபாடு காண வேறு வழியில்லை.

அலங்காரம் என்பது இந்த ஒழுங்குக்கு நேர்மாறான விதியைப் பின்பற்றியது. உள்ளறைகள் சிறியவையாகவும் இருண்டும் எளிமையாகவும் இருக்க, செலவு முழுவதும் பொதுவிடங்களில் கொட்டப்பட்டது. பங்குக்கு உட்படாத இடத்தில் செய்த செலவு எல்லாப் பங்காளிகளுக்கும் சமமான பெருமை என்பதால் அதில் பொறாமைக்கு இடமில்லை. முகப்பின் உச்சியில் யானைகள் நீராட்டும் கஜலட்சுமியும், சற்றுத் தள்ளித் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயும் சுதைச் சிற்பங்களாக ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். நிலைக்கு மேலுள்ள தேக்குப் பலகையில் தெய்வ உருவங்களும் கொடிகளும் செதுக்கப்பட்டன. 1894-இல் பம்பாயில் ராஜா ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் வண்ணப்படங்கள் சட்டமிடப்பட்டு, மூதாதையரின் ஒளிப்படங்களுக்கு இணையாகப் பத்தியின் சுவர்களில் சாய்வாக மாட்டப்பட்டன. ஜப்பானில் செய்த பூவேலைப் பீங்கான் ஓடுகள் சுவரின் அடிப்பகுதியை அணிசெய்தன. கலைநோக்கில் இவற்றுக்குள் இணக்கம் குறைவு என்றே சொல்ல வேண்டும். வாங்கியவர்கள் அந்த இணக்கத்தைத் தேடியதாகவும் தெரியவில்லை.

இறக்குமதிப் பொருள்களைவிட உள்ளூரில் வளர்ந்த இரு தொழில்கள் கூடுதல் கவனத்துக்குரியவை. முதலாவது சுவர்ப்பூச்சு. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துக் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் புளிக்கவிட்டு, பல அடுக்குகளாகப் பூசி, இறுதி அடுக்கில் மிக நுண்ணிய சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றினர். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிட மெல்லியதாகவும் நயமானதாகவும் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பு விடும். முறையாக அமைந்த பூச்சு வெள்ளையடிக்க வேண்டிய தேவையையே நீக்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தாலே பளபளப்பு மீண்டது. கோடையில் சுவரைத் தொட்டால் குளிர்ந்தது.

இரண்டாவது, ஆத்தங்குடியில் இன்றும் கையால் வார்க்கப்படும் தரைக்கல். சூளையில் சுடப்படாத இக்கல்லின் மேற்புறம் உண்மையில் அச்சின் அடிப்புறமாகும். ஒரு கண்ணாடித் தகட்டின்மீது சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் கோலவடிவில் அமைந்த உலோகத் தடுப்பைப் பொருத்தி, நிறப்பொடி கலந்த சிமெண்டுக் குழம்பை அறையறையாகச் சிறு கரண்டியால் ஊற்றுவர். தடுப்பை நேராக உயர்த்தி எடுத்ததும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றுவிடும். கை சற்று நடுங்கினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் கசிந்து கல் வீணாகும். அதன்மேல் உலர்ந்த மணல்–சிமெண்டுக் கலவையைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, பிறகு உள்ளூர் மணல் கலந்த சாந்தை நிரப்பி மட்டம் செய்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைப்பர். கண்ணாடியிலிருந்து பிரித்தெடுக்கும்போதே மெருகு வந்துவிடுகிறது. நடக்க நடக்க அது கூடுகிறது. வெளிநாட்டுத் தரைக்கற்களைப் பார்த்து அவற்றுக்கு மாற்றாக எழுந்த இத்தொழில், அவை சந்தையிலிருந்து மறைந்த பிறகும் நிலைத்திருக்கிறது.

கூரையின் அமைப்பும் கவனத்துக்குரியது. நாட்டு ஓடுகள் பல அடுக்குகளாக வேயப்பட்ட சரிவுகள் வளவை நோக்கியே இறங்கின. முற்றத்தில் கொட்டிய மழைநீர் முதலில் அண்டாக்களில் பிடிக்கப்பட்டு, எஞ்சியது கால்வாய் வழியாக ஊருணிக்குச் சென்றது. நன்னீர் அரிதான நாட்டில், வீட்டின் கூரையும் ஊரின் குளமும் ஒரே திட்டத்தின் இரு முனைகளாக வகுக்கப்பட்டிருந்தன.

இவ்வளவு செலவுக்கும் பணம் தந்தது பர்மாவின் நெல். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின், ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடு திருத்திய உழவர்களுக்கு நகரத்தார் கடன் வழங்கினர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அரிசி ஏற்றுமதி பெருகியது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் நகரத்தாரிடம் வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலவுடைமை 1938-இல் 25 விழுக்காட்டை எட்டியது. விரும்பிச் சேர்த்த சொத்து அன்று அது. விற்க முடியாமல் தங்கிவிட்ட சொத்து. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பும், 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டமும் அதை முடித்துவைத்தன. புதிய வீடுகள் எழுவது ஏறத்தாழ நின்றுபோயிற்று. இளைய தலைமுறை சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் இடம்பெயர்ந்தது.

வீடுகளின் சீரழிவுக்குப் பணமுடையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. வசதி குன்றாத குடும்பங்களின் வீடுகளிலும் ஓடு சரிந்து கிடக்கிறது. பங்கின்படி அமைந்த வீடு தலைமுறைதோறும் பங்குகளைப் பெருக்கியது. நான்கு மகன்களுக்கென்று கட்டிய வீட்டுக்கு மூன்றாம் தலைமுறையில் பல ஊர்களிலும் நாடுகளிலும் வாழும் பங்காளிகள் உரியவராயினர். அறையைப் பூட்டி வைக்க ஒருவரால் முடியும். ஆனால் வளவின் கூரையை வேய எல்லோரும் இசைய வேண்டும். ஓர் அறைக்குரியவர் தம் பங்குச் செலவை அனுப்பத் தவறினால், அந்த அறையின்மேல் இறங்கும் நீர் அடுத்த அறையின் தேக்கு உத்தரத்தையும் அழுக வைக்கிறது. யுனெஸ்கோ நிறுவனத்தின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. சில வீடுகள் விடுதிகளாகி நல்ல பராமரிப்பில் உள்ளன. ஆயினும் அவை பெரும்பாலும் எல்லாப் பங்காளிகளும் ஒருமனப்பட்ட, அல்லது ஒருவரே மற்றப் பங்குகளை வாங்கிய வீடுகளே.

மற்றவற்றில், பிரிக்க முடியாத வீட்டைப் பிரிப்பதற்கான வழி அதைக் கழற்றுவதாக அமைந்தது. தூண், நிலை, கதவு, உத்தரம், சலவைக்கல் ஆகியவை தனித்தனியே விலைபேசப்பட்டு, கிடைத்த தொகை பங்குக்கணக்கின்படி அன்றே பகிரப்படுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மங்குச் சட்டிகளும், பெயர் வெட்டிய செம்புகளும், ரவிவர்மா படங்களும் குவிந்து கிடப்பது இவ்வாறுதான். வளவைத் தாங்கிய தூண்கள் சென்னையின் உணவகங்களிலும் பெங்களூரின் தனிவீடுகளிலும் எதையும் தாங்காமல் அலங்காரத்துக்காக நிறுத்தப்படுகின்றன.