ஐஸ்லாந்தின் தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு வரலாறு

ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள தீவு நாடு. ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 80,000 பேரே வாழ்ந்தனர். பனியாறுகளும் எரிமலைப் பாறைகளும் நிறைந்த உட்பகுதியில் குடியிருப்புகள் இல்லை. கரையோரமாகச் சிதறியிருந்த பண்ணைகளுக்கும் மீன்பிடி ஊர்களுக்கும் செய்தி சேர்ப்பது கடினமாக இருந்தது. பயன்படுத்துவோர் குறைவு, செலவு அதிகம் என்பதால் இப்பணி பெரும்பாலும் அரசின் பொறுப்பானது.

தந்தியும் தொலைபேசியும்

டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஐஸ்லாந்து 1904இல் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. முதல் அமைச்சரான ஹானஸ் ஹாஃப்ஸ்டைன், கடலடித் தந்தி வடம் அமைக்க டேனிய நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தார். மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியே மலிவானது என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். 1905 சூன் 26 அன்று ரெய்க்யவிக்கில் கம்பியில்லாச் செய்தி பெறப்பட்டது அவர்களுக்கு வலுச்சேர்த்தது. அதே ஆண்டு ஆகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் தலைநகரில் திரண்டு ஒப்பந்தத்தை எதிர்த்தனர். எனினும் ஒப்பந்தம் நிறைவேறியது. இசெட்லாந்திலிருந்து பரோயே தீவுகள் வழியாகக் கிழக்குக் கரைக்கு வடம் வந்தது. அங்கிருந்து ரெய்க்யவிக் வரை நிலவழிக் கம்பி இழுக்கப்பட்டு, 1906 செப்டம்பர் 29 அன்று சேவை தொடங்கியது. அதுவரை கப்பலுக்காகக் காத்திருந்த அயல்நாட்டுச் செய்தி அன்றன்றே கிடைக்கலாயிற்று.

வானொலி

அரச ஒலிபரப்பு நிறுவனம் 1930 திசம்பர் 20 அன்று வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. தொலைதூரம் செல்லும் நெட்டலை ஒலிபரப்பின் மூலம் வானிலை அறிக்கைகள் கடலிலிருந்த மீனவர்களையும் தொலைப் பண்ணைகளையும் எட்டின.

தொலைக்காட்சி

நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையம் ஐஸ்லாந்தியருடையதன்று. கெப்லாவிக் அமெரிக்கப் படைத்தளம் 1955இல் தன் வீரர்களுக்காகத் தொடங்கிய ஒளிபரப்பு ரெய்க்யவிக் வீடுகளிலும் தெரிந்தது. தாய்மொழியும் பண்பாடும் பாதிக்கப்படும் என அஞ்சிய 60 முக்கியப் பிரமுகர்கள், அதைத் தளத்துக்குள் கட்டுப்படுத்துமாறு 1964இல் நாடாளுமன்றத்திடம் மனு அளித்தனர். அரசுத் தொலைக்காட்சி 1966 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. அப்போது மக்கள்தொகை 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. பணமும் பணியாளரும் குறைவாக இருந்ததால் வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பு இல்லை. சூலை முழுவதும் நிலையத்துக்கு விடுமுறை. சூலை விடுமுறை 1983இலும், வியாழன் விடுமுறை 1987இலும் முடிவுக்கு வந்தன.

1986இல் அரசின் தனியுரிமை நீங்கித் தனியார் நிலையங்கள் தோன்றின. எனினும் ஐஸ்லாந்திய மொழியைப் பேணுவது அரச ஒலிபரப்பு நிறுவனத்தின் சட்டப்படியான கடமையாகத் தொடர்கிறது.