பவர்-ஆன் ரீசெட்

மின்சாரம் வந்தவுடன் மைக்ரோகன்ட்ரோலரை ஓடவிடாமல், மின்னழுத்தமும் கடிகாரத் துடிப்பும் நிலைக்கும்வரை பிடித்து நிறுத்தும் ஏற்பாடு பவர்-ஆன் ரீசெட். ஒரு மின்தேக்கியையும் ஒரு மின்தடையையும் வைத்தே இதைச் செய்துவிடலாம். இதற்கென்றே வரும் கண்காணிப்புச் சிப்பையும் போடலாம். ஆய்வக மேசையில் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகில் ஏற்றினால்தான் வித்தியாசம் தெரியும்.

எளிய சுற்று, இன்டெலின் 8051 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பைத் தொட்ட எல்லா மாணவருக்கும் பழகியது. 5 வோல்ட்டிலிருந்து ரீசெட் காலுக்கு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அங்கிருந்து தரைக்கு 8.2 கிலோஓம் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் 82 மில்லிவிநாடி. மின்தேக்கி நிரம்ப நிரம்ப அந்தக் காலின் மின்னழுத்தம் இறங்கும். போதிய அளவு இறங்கியதும் நிரல் ஓடத் தொடங்கும். கடையில் ‘கன்டன்சர்’ என்று கேட்டால் சில ரூபாயில் வேலை முடிந்துவிடும். ஆனால் இன்டெல் தன் தரவுத்தாளில் நிபந்தனை வைத்திருக்கிறது: மின்னழுத்தம் 1 மில்லிவிநாடிக்குள் ஏற வேண்டும், கடிகாரச் சுற்று 10 மில்லிவிநாடிக்குள் துடிக்கத் தொடங்க வேண்டும். சுற்றைப் படியெடுப்பவர்கள் அந்த வரியைப் படியெடுப்பதில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அத்தனை நாள் சும்மா கிடந்த படகில் பேட்டரி சோர்ந்திருக்கும். என்ஜினை ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை உறிஞ்சும். 12 வோல்ட் பேட்டரி ஒரு கணம் 6 வோல்ட்டுக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட் தர, உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வர வேண்டும். வராததால் 5 வோல்ட் 4 ஆகிவிடும். சிப் அணையவுமில்லை, ஒழுங்காக ஓடவுமில்லை. நினைவகத்தில் கண்டபடி எழுதிவைக்கக்கூடிய நேரம் இதுதான், ஜி.பி.எஸ்.-இல் குறித்துவைத்த வலைபோடும் இடங்கள்கூட அழியலாம். எளிய சுற்று இதைக் கண்டுகொள்ளாது. ரீசெட் ஆக அந்தக் காலில் சுமார் 3.5 வோல்ட் எழ வேண்டும்; 1 வோல்ட் சரிந்து மீண்டால் அதிகம் போனால் 1 வோல்ட்தான் எழும். ஸ்விட்சை அணைத்து உடனே போட்டாலும் மின்தேக்கி வடிந்திருக்காது. மின்தடைக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டால் வேகமாக வடியும், அவ்வளவுதான்.

கண்காணிப்புச் சிப் மின்னழுத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று கால் கொண்ட, மிளகைவிடச் சிறிய மாக்ஸ்810-இன் ஒரு வகை, 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே ரீசெட்டைப் பிடித்துவிடும். மீண்ட பிறகும் குறைந்தது 140 மில்லிவிநாடி விடாது. அதன் இரட்டை மாக்ஸ்809, ரீசெட் கால் தாழும்போது ரீசெட் ஆகும் சிப்புகளுக்கானது. அதை 8051-இல் மாற்றிப் போட்டால் பலகை எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அப்போது மேலே கயிறு பிடித்தவர் எண்ணி முடித்துவிட்டு இழுக்கவில்லை. குளியாள் கயிற்றை அசைத்ததும் இழுத்தார். கண்காணிப்புச் சிப் அவரைப் போன்றது. மின்தேக்கியோ எண்ண மட்டுமே தெரிந்த ஆள்.

உப்பளக் காற்றும் கணக்கைக் கெடுக்கும். ஈர உப்பு பலகையில் படலமாகப் படிந்தால் அதன் வழியே மின்னோட்டம் கசியும். 8.2 கிலோஓம் தாக்குப்பிடிக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த 1 மெகாஓம் போட்ட சுற்றில், அதே அளவு கசிவுப் பாதை உண்டானால் தாமதக் கணக்கே புரண்டுவிடும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் மூன்று நிமிடக் காத்திருப்பு போன்ற நீண்ட தாமதத்துக்குப் பெரிய மின்தேக்கியைவிட 4060 எண்ணி சிப் நம்பகமானது. எதைப் போட்டாலும் பலகைக்குப் பூச்சு வேண்டும்.

வீட்டு அலங்கார விளக்குக்கு எளிய சுற்று தாராளம். தப்பாகத் தொடங்கினால் அணைத்துப் போட்டுக்கொள்ளலாம். 2017 ஒக்கி புயலைக் கண்ட கரையில் ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவிக்குச் சிப்பில் சிக்கனம் பார்ப்பது தப்புக் கணக்கு. ஏ.டி.மெகா8 போன்ற மைக்ரோகன்ட்ரோலர்களில் இந்தக் காவல் உள்ளேயே இருக்கிறது; 2.7 வோல்ட், 4.0 வோல்ட் என இரண்டு அளவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் சிப் புதிதாக வரும்போது அது அணைந்தே இருக்கும். நிரல் ஏற்றுகிறவர்தான் ஃபியூஸ் பிட்டில் அதைப் போட்டுவிட வேண்டும்.