மலையில் தேடிய மெஸான்

பழநி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அருகே, பள்ளங்கி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே படிப்படியாய் இறங்கும் பூண்டு வயல் ஒன்றின் வரப்பில் நின்று, ஒரு நாள் மாலை, என் உள்ளங்கையை வானை நோக்கி விரித்தேன். உடன் வந்த நண்பர், "மழையா?" என்றார். மழைதான், கண்ணுக்குப் புலப்படாத மழை! காஸ்மிக் கதிர்கள் மேல் வானில் காற்றோடு மோதுவதால் பிறக்கும் மியூவான் என்னும் துகள்கள், கடல் மட்டத்திலேயே வினாடிக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் உள்ளங்கையைத் துளைத்துச் செல்கின்றன. மலையிலே இன்னும் மிகுதி. 1950-களில் விக்ரம் சாராபாயின் அகமதாபாத் ஆராய்ச்சிக்கூடத்தார் கொடைக்கானலிலும் கருவிகளை நிறுவி இம்மழையை அளந்தனர்.

இத்துகளுக்கு ஒரு காலத்தில் மெஸான் என்றே பெயர். அணுக்கருவைப் பிணைத்து வைக்க, எலெக்ட்ரானைவிடச் சுமார் 200 மடங்கு எடையுள்ள துகள் ஒன்று வேண்டும் என்று ஜப்பானிய அறிஞர் யுகாவா 1935-இல் கணித்தார். அதே அளவு எடையுள்ள ஒன்று இரண்டே ஆண்டுகளில் காஸ்மிக் கதிர்களில் தென்படவே, இதுதான் அது என்று உலகம் நம்பிற்று.

அப்போது கல்கத்தாவில், போஸ் ஆராய்ச்சி நிலையத்தில், தேவேந்திர மோகன் போஸ் என்பவரும் அவருடைய மாணவி பிபா சௌத்ரி என்பவரும் வேறொரு வழியை மேற்கொண்டனர். பெரிய இயந்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை. புகைப்படத் தகடுகளை எடுத்துக்கொண்டு மலையேறினர். டார்ஜிலிங், அதற்கும் மேலே ஏறத்தாழ 12,000 அடி உயரத்துச் சந்தக்பூ, திபெத்தில் பாரி ஜோங் ஆகிய இடங்களில் தகடுகளை மாதக்கணக்கில் வைத்திருந்து, பின்பு உருத்துலக்கி, நுண்பெருக்கியின் கீழ் இட்டு, துகள் போன தடத்தைப் புள்ளி புள்ளியாக எண்ணினர். கண் நோகும் வேலை. தடத்தின் வளைவு நெளிவிலிருந்து எடையைக் கணித்து, எலெக்ட்ரானைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு என்று 'நேச்சர்' இதழில் எழுதினர். ஆனால் உலகப் போர் குறுக்கிட்டது. இன்னும் நுட்பமான தகடுகள் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆராய்ச்சி 1942-உடன் நின்றது. போருக்குப் பின், மேம்பட்ட தகடுகளைக் கொண்டு இங்கிலாந்தில் பவல் குழுவினர் 1947-இல் உண்மையான யுகாவா மெஸானைக் கண்டனர். 1950-இல் பவல் நோபல் பரிசு பெற்றார். அவர் அதற்குத் தகுதியுடையவரே. ஆயினும் பிபா சௌத்ரியின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 2019-இல் ஒரு விண்மீனுக்குப் பிபா என்று பெயரிட்டார்கள். அதுவரையில் அவரை நினைத்தோர் சிலரே.

ரோமாபுரியில் நிகழ்ந்த வேறொரு சோதனையின் முடிவும் 1947-இலேயே வெளியாயிற்று. கான்வெர்ஸி, பான்சினி, பிச்சியோனி என்ற மூவர், பழைய 'மெஸான்' அணுக்கருவை அணுகியும் அதனோடு உறவாட மறுக்கிறது என்று காட்டினர். அணுக்கருவைப் பிணைக்கும் துகள் அணுக்கருவைக் கண்டும் காணாமல் போகுமா? ஆகவே அது வேறு துகள் என்பது தெளிவாயிற்று. அதுவே இன்று நாம் சொல்லும் மியூவான். நேயர்களே, ஒரு துகள் யார் என்று அறிய, அது பிறரோடு எப்படிப் பழகுகிறது என்றே கேட்கவேண்டியிருக்கிறது.

இக்கேள்வி இன்று சார்ம் மெஸானிடம் கேட்கப்படுகிறது. சார்ம் என்பது குவார்க்குகளில் ஒருவகை. 'வசீகரம்' என்று பொருள். இதன் முதல் தடயத்தையும் தகடுதான் தந்தது. 1971-இல் ஜப்பானிய விஞ்ஞானி கியோஷி நியூ, விமானத்தில் ஏற்றி அனுப்பிய தகட்டடுக்கில் புதுவகைத் துகள் ஒன்றின் சிதைவைக் கண்டார். சார்ம் குவார்க் உண்டு என்பதை 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு குழுக்கள் நிலைநாட்டின. சார்மைச் சுமக்கும் 'டி' மெஸான் புரோட்டானைவிட ஏறக்குறைய இருமடங்கு எடையுள்ளது. அதன் ஆயுள் ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்களவே.

ஜெனீவாவின் செர்ன் நிலையத்தில் 2010 முதல் ஈய அணுக்கருக்களைப் பெருவேகத்தில் மோதவிடுகிறார்கள். அக்கணத்தில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகி, குவார்க்குக் குழம்பு ஒன்று உண்டாகிறது. சார்ம் குவார்க்குகள் மோதலின் தொடக்கத்திலேயே பிறந்து, குழம்பு முழுவதையும் கடந்து, இறுதியில் மெஸானாகி வெளிவருகின்றன. ஆகவே அவை நேரில் கண்ட சாட்சிகள். ஆனால் குழம்பு ஆறியபின் சுற்றிலும் பயான்கள் நெருக்குகின்றன. அவற்றோடு முட்டி மோதி நம் சாட்சி தன் வாக்குமூலத்தைத் திரித்துவிட்டால்?

செர்னின் ஆலிஸ் குழுவினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. இரு துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால், ஏறக்குறைய ஒரே வேகத்தோடு சேர்ந்து புறப்படும் ஜோடிகள் மிகும், விலக்கினால் குறையும். இவ்வழியே டி மெஸானையும் பயானையும் சேர்த்து எண்ணிப் பார்த்தனர். மின்னேற்றத்தால் வரும் ஈர்ப்பையும் விலக்கையும் தவிர, இரண்டுக்குமிடையே வலிய உறவு ஏறக்குறைய இல்லை என்றே தோன்றியது; கோட்பாட்டாளர் சிலர் கணித்ததற்கும் குறைவு. இது புரோட்டான் மோதல்களில் பெற்ற முடிவு. ஈய மோதலின் கணக்குகளில் இதனைப் பொருத்திப் பார்க்கவேண்டும். அப்படியே பொருந்துமாயின், சாட்சி வழியில் அதிகம் பேசாதவர் என்று கொள்ளலாம்.

ஆலிஸ் கருவியின் மியூவான் பகுதிக்கு வேண்டிய 'மானஸ்' என்னும் மின்னணுச் சில்லுகளைக் கொல்கத்தாவின் சாகா நிலையத்தார் வடிவமைத்தனர். அக்குழுவின் உறுப்பு நிறுவனங்களின் நீண்ட பட்டியலில், போஸும் பிபா சௌத்ரியும் தகடுகளோடு மலையேறப் புறப்பட்ட அதே போஸ் நிலையத்தின் பெயரும் இருக்கிறது.