முயலுக்கு ஒரு பரண்

பத்து வயதில் என்னை ஒரு தெருநாய் கடித்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி! "குன்னூர் மருந்து தம்பி, ஆட்டு மூளையிலே செய்தது" என்று கம்பவுண்டர் ஆறுதல் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. வகுப்பில் வாயைத் திறந்தால் 'மே' என்று சத்தம் வந்துவிடுமோ என்ற பயத்துடனேயே பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

அந்த மருந்தின் பாட்டனார் ஆடல்ல, முயல் என்பது பிற்காலத்தில் சரித்திரம் படித்தபோதுதான் தெரிந்தது. 1885 ஜூலையில் பாரிஸ் நகரத்தில், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் 13 ஊசிகள் போடச் செய்தார். வெறிநோய் கண்டு இறந்த முயல்களின் தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தி எடுத்த மருந்து. பையன் பிழைத்தான். பாஸ்டருக்குச் சிலைகள் எழுந்தன. முயல்களைப் பற்றி அதிகம் பேர் விசாரிக்கவில்லை.

விசாரிக்காததற்குக் காரணம் உண்டு. நாய் ஊளையிடும், குரங்கு கம்பியை உலுக்கும். முயலோ வாய் திறவாமல் மூலையில் ஒடுங்கும். நாமும் 'சாதுப் பிராணி' என்று பட்டம் சூட்டி நகர்ந்துவிட்டோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரையாவது மன்னிக்கலாம். பரிசோதனைச் சாலை முயலுக்கு நாலு காலும் இருந்து என்ன பயன்? நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டு, கம்பித் தரை, தனி வாசம், சற்று நேரத்தில் தின்று தீர்ந்துபோகும் குச்சித் தீனி. துள்ளாத முயலின் எலும்பு மெலிகிறது, முதுகெலும்பு கோணுகிறது. பல்லோ ஆயுள் முழுவதும் வளர்வது. கடிக்க வேறொன்றும் இல்லாமல் கம்பியைக் கடிக்கிறது. சில முயல்கள் தங்கள் ரோமத்தையே பிடுங்குகின்றன. நாம் சாதுத்தனம் என்று நினைத்ததில் பாதி, வாழ்க்கை வெறுத்துப்போன நிலைதான்.

லண்டன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹ்யூம் என்பவர் 1926-ல் ஒரு பிராணி நலச் சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்துக்காக உழைத்த ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பிராணிக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைத் தணி என்பது அதன் சாரம். உலகம் உடனே காது கொடுக்கவில்லை. 1980-ல் ஹென்றி ஸ்பைரா, முயலின் கண்ணில் அழகுச் சாமான்களைச் சோதிப்பதைக் கண்டித்து நியூயார்க் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டார். அன்றுதான் பலர் முயல் பக்கம் திரும்பினார்கள்.

2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் செய்த சட்டத்தைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. முயல் கூண்டுக்குள் ஒரு பரண் வேண்டுமாம்! பரண் வைக்க முடியாமல் தக்க காரணம் இருந்தால், தனி முயலின் கூண்டு மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டுமாம். பிறகு யோசித்தேன். எந்த நேரமும் எதிரிக்கு அஞ்சும் ஜீவனுக்கு, ஏறி நின்று பார்க்க ஓர் இடமும் பதுங்கிக்கொள்ள ஓர் இடமும் வேண்டாமா? ஒரே பலகை இரண்டுக்கும் ஆகிறது. இளம் முயல்களைக் கூட்டாக வைக்கவும் சட்டம் சொல்கிறது. ஐந்து கிலோ வரையுள்ள முயலுக்குக் கூண்டின் உயரம் 45 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம். பெரிய முயல் காதை விறைத்து எழுந்தால் அதுவும் போதாது என்பது என் அபிப்பிராயம்.

பரண் கிடைத்ததால் முயலுக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை. பரிசோதனை முயல் பரிசோதனை முயல்தான்.

சில காலத்துக்கு முன் ஓர் ஆராய்ச்சிச் சாலைக்குப் போயிருந்தேன். பரணும் காய்ந்த புல்லும் கடிக்க மரத்துண்டும் வைத்திருந்தார்கள். தீனி போடும் பெரியவரிடம், "இதனால் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"முன்னேயெல்லாம் கதவைத் திறந்தா ஒண்ணும் அசையாதுங்க ஐயா. இப்போ புல்லுக்கட்டுச் சத்தம் கேட்டாலே எல்லாம் எழுந்து நிக்குதுங்க" என்றார்.