பட்டம் வந்த கதை

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இந்த மேடையையே ஒரு வேலைவாய்ப்பு அலுவலகமாக மாற்றிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளையை வைத்துக்கொண்டு, 'இவங்க என்னதான் சொல்லப்போறாங்க' என்று வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருக்கிற பெற்றோர்களே!

கல்லூரியில் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வேலையைப் பார்த்தா, விருப்பத்தைப் பார்த்தா? இதுதான் தலைப்பு. விருப்பத்தைப் பார்த்துத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டாரு: "விருப்பம் சோறு போடுமாய்யா?" நல்ல கேள்வி. இதற்கு நான் தத்துவம் பேசப் போவதில்லை. சரித்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். இந்த நாட்டில் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் யார் கல்யாணம் பண்ணி வைத்தது, அந்தக் குடித்தனம் எப்படி நடந்தது என்று பார்த்துவிட்டால், தீர்ப்பு தானாக வந்துவிடும்.

வடக்கே ஒரு பழமொழி உண்டு. பாரசீகம் படித்தவன் எண்ணெய் விற்கிறான், விதியின் விளையாட்டைப் பாருன்னு சொல்வாங்க. அதென்ன பாரசீகம்? முகலாயர் காலத்தில் அரண்மனை எழுத்து, கோர்ட்டு எழுத்து, வரிக் கணக்கு எல்லாம் பாரசீகம். கம்பெனிக்காரன் வந்த பிறகும் வங்காளத்தில் அது தொடர்ந்தது. பிள்ளைக்கு உத்தியோகம் வேணும்னா பாரசீகம் படிக்க வை. அன்றைக்கு அதுதான் கம்ப்யூட்டர் சயன்ஸ்! (சிரிப்பு) 1837-இல் ஒரு சட்டம் வந்தது. நீதிமன்றத்திலும் வருவாய்த் துறையிலும் இனிமேல் பாரசீகம் கட்டாயமில்லை. முடிந்தது. அதை ஆசையோடு படித்தவனுக்கு இலக்கியமாவது மிஞ்சியது. உத்தியோகத்துக்காக மட்டும் படித்தவனுக்கு என்ன மிஞ்சியது? எண்ணெய்க் குடம்.

அடுத்த காட்சி 1844. கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஓர் அறிவிப்பு வெளியிடுகிறார். ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசாங்க வேலையில் முதலிடம். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் தாலி எடுத்துக் கொடுத்த புரோகிதர் இவர்தான். 1854-இல் சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை வந்தது. 1857-இல், வடக்கே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய அதே வருஷத்தில், கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள் பிறந்தன. ஆக, நம்ம ஊர் பட்டம் பிறக்கும்போதே கையில் ஆர்டரோடு பிறந்த பிள்ளை. 'கால் காசு என்றாலும் கவர்ன்மென்ட் காசு' என்று நம்ம பாட்டன் பூட்டன் சொன்னது சும்மா இல்லை.

சரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யார்? இரண்டு பேர். இரண்டு பேருமே யாழ்ப்பாணத் தமிழர்கள். ஒருவர் விசுவநாத பிள்ளை. இன்னொருவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. அவருக்குப் பட்டம் உத்தியோகம் கொடுத்ததா? கொடுத்தது. அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்தார். பிறகு சட்டமும் படித்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாக உட்கார்ந்தார். எதிரணி நண்பர்கள் கை தட்டலாம், உங்க ஆள்தான். (சிரிப்பு)

ஆனால் நூறு வருஷம் தாண்டி நான் ஏன் இந்த மேடையில் அவர் பேரைச் சொல்கிறேன்? கணக்குப் புத்தகத்தில் எத்தனை கையெழுத்துப் போட்டார் என்பதற்காகவா? இல்லை. பகலெல்லாம் கணக்கு, கேஸ் கட்டு. மிச்ச நேரமெல்லாம் ஏட்டுச் சுவடி. செல் அரித்த ஓலை, தொட்டால் உதிரும் ஓலை, அதை வைத்துக்கொண்டு 1881-இல் வீரசோழியம், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை என்று பதிப்பித்தார். பட்டம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. விருப்பம் அவருக்குப் பேர் கொடுத்தது.

அதே காலத்தில் அதே ஓலையைத் தேடி ஊர் ஊராய் அலைந்த இன்னொருவர் உ.வே. சாமிநாதையர். பி.ஏ.வும் இல்லை, எம்.ஏ.வும் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து கேட்ட தமிழ்தான் சொத்து. அந்தச் சொத்து 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் வேலை வாங்கிக் கொடுத்தது. விருப்பம் சோறு போடுமான்னு கேட்டீங்களே, போட்டுச்சுங்க! பட்டம்? அது பின்னாலேயே ஓடி வந்தது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகமே டாக்டர் பட்டம் கொடுத்து மரியாதை செய்தது. (கைதட்டல்)

இந்த இடத்தில் எதிரணி நண்பர் எழுந்து, "எல்லாரும் உ.வே.சா. ஆகிட முடியுமா? ஏழை வீட்டுப் பிள்ளை என்ன பண்ணும்?" என்று கேட்பார். கேட்கணும். நான் பட்டத்தைக் கேவலமாகப் பேச வந்தவன் அல்ல. கதவு சாத்திக் கிடந்தவனுக்குப் பட்டம்தான் சாவி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பாருங்கள். தாய் பிறந்த குலத்தைச் சொல்லி ஊர் ஒதுக்கிவைக்கத் தயாராக இருந்தது. பெண் பிள்ளை ஆண்கள் கல்லூரியில் உட்காருவதா என்று எதிர்ப்பு. அவர் உட்கார்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர். 1927-இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்து, தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட அவரே காரணம். அந்த ஒரு பட்டம் இல்லையென்றால் அந்தக் கதவுகளில் ஒன்றாவது திறந்திருக்குமா? அதனால்தான் 2010-இல் தமிழ்நாட்டு அரசு, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை கொடுத்தபோது கிராமத்துத் திண்ணைகளில் அத்தனை சந்தோஷம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும் நடுவர் அவர்களே. சாவி கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போய் நாற்பது வருஷம் நடமாடப் போவது யார்? நம்ம பிள்ளை. நோயாளி மேல் அக்கறை இல்லாத ஒருவர் கையில் அதே டாக்டர் பட்டம் இருந்திருந்தால், அது வாசலில் தொங்குகிற பெயர்ப் பலகையோடு நின்றிருக்கும்.

விருப்பத்தைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு. கணித மேதை ராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கணக்கில் கோட்டை விட்டவரா? மற்ற பாடங்களில் தேறவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். மறு வருஷமே, தேறாத மாணவரை அழைத்து, சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிக்காகக் கொடுத்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் அந்த ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. கொடுத்தது. ராமானுஜனைக் காட்டி, பரீட்சையில் கோட்டை விடுங்கள் என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீங்க! (சிரிப்பு) ஒரு பிள்ளைக்கு எது மேல் உயிர் என்று கண்டுபிடிக்காத ஏற்பாடு, எப்பேர்ப்பட்ட மூளையையும் குமாஸ்தா நாற்காலியில் உட்காரவைக்கும். நான் சொல்ல வந்தது அது.

இனி நம்ம காலத்துக்கு வருவோம். 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. முதலில் எல்லாரும் மெக்கானிக்கல், சிவில். கம்ப்யூட்டர் அலை அடித்ததும் எல்லாரும் அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுப் பையன் அமெரிக்கா போயிட்டான், நீயும் அதையே எடு! காற்று மாறியதும் என்ன நடந்தது? ஐந்நூறுக்கு மேல் பெருகிய கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான இடங்கள் காலி. சில கல்லூரிகள் கதவையே மூடின. 2018-இல் குரூப் நான்கு தேர்வு. கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர் போன்ற வேலைகளுக்குப் பத்தாம் வகுப்பு போதும். இடம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல்! அதில் பொறியியல் படித்தவர்கள் உண்டு, முனைவர் பட்டக்காரர்களும் உண்டு. வேலையைப் பார்த்து எடுத்த பட்டம் வேலை கொடுத்திருந்தால், அவர்கள் ஏன் அந்த வரிசையில் நிற்கணும்?

இன்றைக்கு நிலைமை என்ன? 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. கட்டுரை எழுதுகிறது, கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுதுகிறது. நேற்று வரை 'இதைப் படித்தால் வேலை உறுதி' என்று அடித்துச் சொன்னவர்களே இன்றைக்குக் கொஞ்சம் இருமிக்கொண்டுதான் பேசுகிறார்கள். 1837-இல் பாரசீகத்துக்கு நடந்தது நாளைக்கு எந்தப் பாடத்துக்கு நடக்கும் என்று நானும் சொல்ல முடியாது, எதிரணியும் சொல்ல முடியாது. பிள்ளை உள்ளே போகும்போது இருக்கிற சந்தை வேறு, நாலு வருஷம் கழித்து வெளியே வரும்போது இருக்கிற சந்தை வேறு.

அப்படியானால் எதை நம்பி எடுப்பது? பரீட்சை முடிந்த பிறகும் எந்தப் புத்தகத்தை உங்க பிள்ளை தானாகத் திறக்கிறான், எந்த வேலையைச் செய்யும்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை, அதைப் பாருங்கள். செல்போனைச் சொல்லலை! (சிரிப்பு) அந்தப் பாடத்தை எடுக்கட்டும். கூடவே நல்ல ஆங்கிலம், தப்பில்லாத தமிழ், கை வேலை ஏதாவது ஒன்று சேர்த்துக்கொள்ளட்டும். விரும்பிப் படித்தவன், சந்தை மாறினால் இன்னொன்றையும் படித்துக்கொள்வான். ஏனென்றால் அவனுக்குப் படிக்கத் தெரியும். வேலைக்காக மட்டும் படித்தவனுக்குப் பரீட்சை எழுதத்தான் தெரியும்.

நடுவர் மணி மேல் கை வைத்துவிட்டார். ஒரே வார்த்தை. காற்றில் பறக்கிற காகிதத்துக்கும் பட்டம்னுதான் பேர். அது மேலே ஏறக் காற்று வேணும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்றை மட்டும் நம்பி விட்ட பட்டம் யார் வீட்டு மரத்திலோ போய் மாட்டிக்கொள்ளும். நூல் பிள்ளையின் கையில் இருக்கணும். அந்த நூலுக்குப் பேர்தான் விருப்பம். அதைப் பெற்றவர்கள் அறுத்துவிடாதீர்கள் என்று உங்கள் காலைத் தொட்டுக் கேட்டு, விருப்பத்தைப் பார்த்தே பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரை வேண்டி அமர்கிறேன்.