யார் மிகப் பெரிய ஹொக்கி வீரர்? கொழும்பு வாங்கிய இருபது கோல்களின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் வரலாற்றுப் பாடம் முடிய ஒரு பத்து நிமிடம் மிச்சமிருந்தது. பிள்ளைகளைக் கதைக்க விட்டோம். வெள்ளவத்தையில் இருந்து வரும் ஒரு மாணவன் தொடங்கினான். "சேர், ஸ்காபரோவில இருக்கிற எங்கட மச்சான் சொல்றான், உலகத்திலேயே பெரிய ஹொக்கி பிளேயர் கிரெட்ஸ்கியாம்."

பின் வாங்கில் இருந்து பதில் வந்தது. "அது ஐஸ் ஹொக்கிடா. உண்மையான ஹொக்கியில பாகிஸ்தான்ட சொஹைல் அப்பாஸ்தான். வாப்பா சொல்லுவார்."

கொட்டாஞ்சேனைப் பிள்ளை விடவில்லை. "தியான் சந்தைப் பற்றித் தெரியுமா உனக்கு?"

இதுவரைக்கும் நல்ல விவாதம்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு வசனங்கள்தான் எம்மை இந்தப் பதிவை எழுத வைத்தன. "உனக்குப் பாகிஸ்தான் எண்டா சரிதானே." "உனக்கு இந்தியா எண்டா சரிதானே."

வகுப்பு சட்டென்று அமைதியானது. மணியும் அடித்துவிட்டது. அன்று எமக்குச் சரியான பதில் வாய்க்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்ததில், அந்தப் பதில் கொழும்பிலேயே இருக்கிறது என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறோம்.

*முதலில் கனடாக்காரரின் கணக்கு*

வெய்ன் கிரெட்ஸ்கியின் பெயரை டொரன்டோவில் உறவினர் உள்ள எல்லா வீடுகளும் கேள்விப்பட்டிருக்கும். 1979 முதல் 1999 வரை வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டிகளில் 894 கோல்கள் அடித்தவர். அந்தச் சாதனையை 2025 ஏப்ரலில் ரஷ்ய வீரர் அலெக்ஸ் ஒவெச்கின் முறியடித்தார். அப்படியென்றால் இனி ஒவெச்கின்தான் பெரியவரா? கனடாவில் அநேகர் அப்படிச் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது.

ஐஸ் ஹொக்கியில் கோல் அடித்தவருக்கு மட்டும் புள்ளி கொடுப்பதில்லை. அதற்கு முன் அந்த ரப்பர் வட்டைக் கடத்திக் கொடுத்த இருவர் வரைக்கும் ஆளுக்கொரு புள்ளி உண்டு. கிரெட்ஸ்கி அப்படிக் கொடுத்து எடுத்த புள்ளிகள் மட்டும் 1963. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் யாரோமிர் யாகர், கோலும் கொடுத்ததும் எல்லாம் சேர்த்து எடுத்தவை 1921. அதாவது கிரெட்ஸ்கி வாழ்நாளில் ஒரு கோல்கூட அடிக்காமல் விட்டிருந்தாலும் அவர்தான் முதலாம் இடம்.

அங்கேயும் விவாதம் முடிந்துவிடவில்லை. பொபி ஓர் என்றொருவர் இருந்தார். தடுப்பாட்டக்காரர். கோல் விழாமல் பார்ப்பதுதான் அவருடைய வேலை. அப்படிப்பட்டவர் இரண்டு பருவங்களில் புள்ளிப் பட்டியலின் தலையிலேயே வந்து நின்றார். முழங்கால் காயங்கள் அவரை முப்பது வயதில் விளையாட்டை விட்டே அனுப்பிவிட்டன. மொத்தக் கணக்கைப் பார்த்தால் அவர் கிரெட்ஸ்கிக்குக் கிட்டவும் வரமாட்டார். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் பலர் இன்றைக்கும் ஓர்தான் என்கிறார்கள்.

இதில் நாம் படிக்க வேண்டியது ஒன்று. எதை எண்ணினார்கள் என்பதைப் பார்க்காமல் எண்களை நம்பக் கூடாது.

*இனி எங்கள் ஹொக்கி*

புல்தரை ஹொக்கியில் ஏட்டில் ஏறியது கோல் மட்டும்தான். பந்தைக் கொடுத்தவருக்குக் கணக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு தியான் சந்திடம் வருவோம்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது, ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த 29 இல் 14 தியான் சந்துடையவை. 1932 லொஸ் ஏஞ்சல்ஸில் ஜப்பானை 11–1, அமெரிக்காவை 24–1 என்று வென்றார்கள். 1936 பேர்லின் இறுதியாட்டத்தில் அவருடைய தலைமையில் ஜேர்மனியை 8–1 என்று வென்றார்கள். மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கம்.

ஆனால் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டிய விடயங்கள் உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸில் ஹொக்கிக்கு வந்தவை மூன்றே மூன்று அணிகள். உலகப் பொருளாதார மந்த காலம், அவ்வளவு தூரம் போகப் பணம் வேண்டும். இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அமெரிக்காவுக்கு வெண்கலம் கிடைத்தது! அந்த ஒலிம்பிக்கில் தியான் சந்த் அடித்தவை 12. அவருடைய தம்பி ரூப் சிங் அடித்தவை 13. கோல் கணக்குத்தான் அளவுகோல் என்றால், அந்த வருடம் தம்பிதான் பெரியவர். பேர்லின் இறுதியாட்டத்தில் தியான் சந்த் அடித்தது மூன்று என்று ஒரு சாராரும் ஆறு என்று இன்னொரு சாராரும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒலிம்பிக் இறுதியாட்டத்தின் கோல் எண்ணிக்கையிலேயே ஒற்றுமை இல்லை.

1952 இறுதியாட்டத்தில் பல்பீர் சிங் ஒருவரே ஐந்து கோல்கள் அடித்தார். அது இன்றைக்கும் சாதனை. எமது மாணவன் சொன்ன சொஹைல் அப்பாஸ் சர்வதேச ஆட்டங்களில் 348 கோல்கள் அடித்தவர், பெரும்பாலும் பெனால்டி கோர்னரில் இருந்து. பாகிஸ்தானின் ஷஹ்பாஸ் அஹ்மத் 1994 இல் தன் அணிக்கு உலகக் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்த தலைவர். அவர் பந்தோடு ஓடுவதைப் பார்த்தவர்கள் கோல் எண்ணிக்கையைக் கேட்கவே மாட்டார்கள். புனேக்குப் பக்கத்துக் கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை நான்கு ஒலிம்பிக்கும் நான்கு உலகக் கிண்ணமும் ஆடினார்.

1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் இருந்து ஆட்டம் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. புல்லில் பந்து துள்ளும், திரும்பும், மணிக்கட்டு வித்தைக்கு மதிப்பு அதிகம். செயற்கைத் தரையில் வேகத்துக்கும் உடல் வலுவுக்கும் மதிப்பு. அந்தத் தரையைப் போட நிறையப் பணமும் வேண்டும். ஆகவே தியான் சந்தையும் சொஹைல் அப்பாஸையும் ஒரே தராசில் வைப்பது, தோணிக்காரனையும் பஸ் சாரதியையும் ஒப்பிடுவது மாதிரி.

*அவர்கள் கொழும்புக்கு வந்தார்கள்*

இதுதான் வகுப்பில் நாம் சொல்லத் தவறியது.

1932 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் போகும் வழியில் அந்த இந்திய அணி கொழும்பில் இறங்கி அகில இலங்கை அணியோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியது. முதலாவதில் 20–0. இரண்டாவதில் 10–0. இரண்டிலும் வாங்கியது நாம்தான்! மழை வரப் பார்த்ததாம், பிறகு மேகமே இந்த ஆட்டத்துக்கு மரியாதை செய்து விலகிக்கொண்டதாம் என்று அக்காலப் பத்திரிகை ஒன்று வியந்து எழுதியது. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். மே 30 இல் கப்பலேறி, ஜூலை 6 இல்தான் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள்.

1935 இல் மீண்டும் நியூசிலாந்துப் பயணம். தியான் சந்த்தான் தலைவர். இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று 48 ஆட்டங்கள், 48 வெற்றிகள், 584 கோல்கள். அதில் தியான் சந்த் அடித்தவை 201.

கொட்டாஞ்சேனைக்காரர்களே, துறைமுகம் உங்கள் வாசலில் இருக்கிறது. உங்கள் பாட்டன்மார் யாராவது அந்த வீரர்கள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கலாம்.

இப்போது கேளுங்கள். 1932 இல் கொழும்புக்கு வந்த அந்த அணியின் தலைவர் தியான் சந்த் அல்ல. லால் ஷா புகாரி என்ற பஞ்சாப் முஸ்லிம். அவருடைய தலைமையில்தான் தியான் சந்தும் ரூப் சிங்கும் ஆடித் தங்கம் வென்றார்கள். அணியில் இந்து, முஸ்லிம், சீக்கியர், ஆங்கிலோ இந்தியர் எல்லோரும் இருந்தார்கள்.

1936 கதை இதைவிடச் சுவையானது. பேர்லினில் ஒலிம்பிக்குக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டமொன்றில் ஜேர்மனி 4–1 என்று இந்தியாவைத் தோற்கடித்துவிட்டது. தலைவர் தியான் சந்துக்கு நித்திரை போய்விட்டது. உடனே ஊருக்குத் தந்தி பறந்தது: அலி தாராவை அனுப்புங்கள். தாரா விமானத்தில் வந்து அரையிறுதிக்குச் சேர்ந்தார். 1936 ஆகஸ்ட் 15 இல் இறுதியாட்டம், 8–1. உலகம் மந்திரவாதி என்று கொண்டாடும் மனிதருக்கு, நல்ல துணை இல்லாவிட்டால் முடியாது என்று தெரிந்திருந்தது.

அதிலிருந்து சரியாக 11 ஆண்டுகள் கழித்து அந்த நாடு இரண்டாகியிருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணியின் தலைவர் யார் தெரியுமா? அதே அலி தாரா. அக்தர் ஹுசைன் என்பவர் 1948 இல் இந்தியாவுக்குத் தங்கம் வென்றார், 1956 இல் பாகிஸ்தானுக்கு வெள்ளி வென்றார். இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பின் வாங்கு, முன் வாங்கு இரண்டுக்கும் கேள்வி இதுதான்.

லால் ஷா புகாரி? அவர் பாகிஸ்தானின் தூதுப் பணியில் சேர்ந்தார். காலம் அவரைத் திரும்பவும் இந்த ஊருக்கே கொண்டுவந்தது. 1959 இல் கொழும்பில்தான் காலமானார். 20–0 என்று எங்களை வென்று போன அணியின் தலைவருக்கு, கடைசி மூச்சு எங்கள் ஊர்க் காற்றில்.

*எங்கள் பட்டியலில் யார் இல்லை?*

எங்களுக்குப் பழக்கமான இன்னொரு விளையாட்டையும் பார்ப்போம். வெள்ளவத்தையில் வயதான கிரிக்கெட் பைத்தியங்களிடம் கேட்டால் முரளியின் 800 விக்கெட்டுக்கு முன் ஒரு பெயர் வரும்: எம். சதாசிவம். 1947 இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் அடித்தவர். 1948 இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கியபோது இலங்கைக்குத் தலைவர். அந்த ஆட்டம் நடந்த ஓவல்தான் பின்னர் பி. சரவணமுத்து மைதானம். அங்கேயே 1982 பெப்ரவரியில் இலங்கை முதலாவது டெஸ்ட் ஆடியது. சதாசிவம் 1977 இலேயே போய்விட்டார். டெஸ்ட் ஓட்டம்: ஒன்றும் இல்லை. பிழை அவருடையது அல்ல, பட்டியல் தொடங்கிய திகதியுடையது.

அதே மாதிரித்தான் 1932 இல் தியான் சந்துக்கு எதிரே நின்ற எங்கள் 11 பேரும். இருபது என்ற எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள். பத்தொன்பதாவது கோல் விழுந்த பிறகும் பந்தை நடுவில் வைத்து மறுபடி ஆடத் தொடங்கியவர்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அடுத்த ஆட்டத்துக்கும் வந்து நின்றார்களே. அந்த முறை கோல் பாதியாகக் குறைந்தது! ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எமக்குச் சொல்லித் தந்தார்கள், 20 புள்ளி எடுத்த பிள்ளை 40 எடுத்தால் அதையும் வகுப்பில் சொல்லு என்று. அந்தக் கணக்கில் இலங்கை அணிக்கும் ஒரு சபாஷ் போடலாம்.

*எங்கள் முடிவு*

நழுவாமல் சொல்கிறோம். எங்கள் வாக்கு தியான் சந்துக்கு. காரணம் கோல் எண்ணிக்கை மட்டும் அல்ல. மூன்று ஒலிம்பிக், எத்தனையோ நாட்டு மைதானங்கள், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு துணைவர்கள். முதலில் பிறர் தலைமையின் கீழ் ஆடினார், பிறகு தலைவராக ஆடினார். இரண்டிலும் அணி வென்றது. தேவை வந்தபோது "எனக்கு இன்னார் வேண்டும்" என்று கேட்கவும் அவர் வெட்கப்படவில்லை.

ஷஹ்பாஸ் என்று நீங்கள் சொன்னால் அதையும் கேட்போம். கிரெட்ஸ்கி என்றால் அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் ஆட்டத்தைச் சொல்லுங்கள், கொடியைச் சொல்லாதீர்கள். தமிழரான வாசுதேவன் பாஸ்கரன் தலைவராக இருந்த 1980 மொஸ்கோ அணியில்தான் வாரணாசியின் முஹம்மத் ஷாஹித் பந்தைக் கடைந்து கடைந்து தங்கம் வரைக்கும் போனார். எங்கள் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அடுத்த பாடவேளையில் இந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறோம். அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய மாமா, பெரியப்பா, வாப்பும்மா யாராவது இருந்தால், பழைய கொழும்பு ஆட்டங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அலுமாரியில் மட்டையைப் பிடித்தபடி நிற்கும் பழைய படம் ஏதாவது கிடைத்தால், பின்பக்கத்தில் இன்றே பெயர்களை எழுதி வையுங்கள். பெயர் சொல்லக் கூடியவர் இன்னும் வீட்டில் இருக்கிறார். நாளைக்கு இருப்பாரா தெரியாது.

உங்கள் வாக்கு யாருக்கு? காரணத்தோடு எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.